களுவாஞ்சிக்குடிக்குக் கொண்டுபோன சட்டைகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் நிறையப் படித்தவர்கள். போன ஊரின் சரித்திரம், ராஜா, கோட்டை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தயங்குவேன். மேசையில் துணியை விரித்தால் மட்டும் எனக்குத் தயக்கம் கிடையாது. ஆகவே இந்தக் கட்டுரையில் கோட்டைக்கு ஒரு வரிதான், சட்டைக்கு நிறைய. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் ஒரு ரக்பி கழகம். அங்கே அதை 'றகர்' என்கிறார்கள். அவர்கள் முதல் தடவையாக ஒரு இறுதிப் போட்டிக்கு வந்திருந்தார்கள். புதுச் சட்டை தைக்கும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. போட்டிக்கு முந்தின நாள் பத்திரிகை, டிவிக்காரர்களை அழைத்து ஆட்டக்காரர்களைக் காட்டுவார்களாம். அதற்கு ஊடக நாள் என்று பெயர். பார்சலில் அனுப்பினால் அன்றைக்குள் சேராது என்றதும் முதலாளி என்னைப் பார்த்தார். "நீங்களே கொண்டுபோயிருங்க மாஸ்டர். ஏதாச்சும் ஆல்டர் பண்ணணும்னாலும் கையோட முடிச்சிரலாம்." இப்படித்தான் ஐம்பத்தொரு வயதில் நான் முதல் தடவை விமானம் ஏறினேன்.

புறப்படும் முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கழகத்தின் செயலாளர் அனுப்பிய பட்டியலில் பதினைந்து பேரின் பெயர், மார்பளவு, முதுகில் வரவேண்டிய எண் மூன்றும் இருந்தன. ஒன்றாம் எண்ணுக்கு நாற்பத்தாறு அங்குலம், ஒன்பதாம் எண்ணுக்கு முப்பத்தாறு, பன்னிரண்டுக்கு நாற்பது என்று அளவுகள் ஏறி இறங்கிக் கிடந்தன. எங்கள் தொழிலில் பண்டல் கட்டும்போது சின்ன அளவில் தொடங்கிப் பெரிய அளவில் முடிப்போம். யாரோ அவசரத்தில் எண்களைக் கலைத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பென்சிலை எடுத்து, மிகச் சிறிய சட்டைக்கு ஒன்று, மிகப் பெரிய சட்டைக்குப் பதினைந்து என்று வரிசையாகத் திருத்தினேன். யாரையும் கேட்கவில்லை. செய்து முடித்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

புதன்கிழமை மட்டக்களப்பில் இறங்கினேன். புளியந்தீவில் அறை. ஜன்னலைத் திறந்தால் வாவித் தண்ணீரும் டச்சுக்காரர் கோட்டைச் சுவரும் தெரிந்தன. கோட்டைக்கு நான் ஒதுக்கிய வரி அவ்வளவுதான். திருப்பூரில் காலையில் ஜன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே ஒரு ஆள் தோணியில் நின்றபடி வலை வீசுவது சத்தமில்லாமல் நடந்தது.

காலைச் சாப்பாடு பிட்டும் மீன் குழம்பும். விடியற்காலையில் மீனா என்று தயங்கினேன். கடைக்காரர், "சாப்பிடுங்க, மறுகா சொல்லுங்க" என்றார். மறுகா என்றால் பிறகு. மறுகா இன்னொரு தட்டு வாங்கினேன்.

பகல் பஸ்ஸில் பெட்டியோடு களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். நடத்துநர் பெட்டிக்கு முன் சீட்டில் இடம் கொடுத்துவிட்டு என்னைப் படியில் நிறுத்திவைத்தார். காத்தான்குடி தாண்டும்வரை அப்படியே. பஸ் நிலையத்தில் செயலாளர் காத்திருந்தார். செயலாளர் என்றதும் மீசை வைத்த ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ரஜனி. முப்பத்தைந்து வயதிருக்கும், பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர், நம் ஊரில் கிளார்க் என்போமே, அந்த வேலை. குடையை என் பக்கம் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மாஸ்டர். களைச்சிப் போனீங்களோ? பெட்டிய இஞ்ச தாங்க."

"பரவாயில்லீங்க" என்றேன். மறுநாள் மாலை வரை நான் அதிகம் சொன்னது இந்த ஒரு சொல்தான்.

கழகத்தின் தலைவர் அரிசி ஆலை வைத்திருப்பவர், வெள்ளை வேட்டி, கனத்த குரல். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளையார் கோயிலில் வைத்து, வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்த பிறகுதான் பிரிப்பதாம். பயிற்சியாளர் நஸீர் சேர் ஏறாவூர்க்காரர், பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். நம் 'சார்' இங்கே 'சேர்'. அவர் பெட்டிமேல் கைவைத்து வாய்க்குள் ஒரு துஆ ஓதினார். "ரெண்டு பக்கத்தாலயும் சொல்லி வைப்பம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பெட்டி கோயிலுக்குள் போய்ப் பூட்டப்பட்டது.

வியாழக்கிழமை சிவநாதன் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அணியிலேயே பெரிய ஆள். அந்த நாற்பத்தாறு அங்குலம் இவர்தான். வெல்லாவெளியில் வயல் செய்கிறார். அவர் மோட்டார் சைக்கிளில் ஏறியபோது வண்டி ஒரு சாண் தாழ்ந்தது. பின்னால் எனக்குக் கிடைத்த இடம் என் உள்ளங்கை அளவு.

குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்க வேண்டும். வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் அகலமான இரும்பு மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். பாதிக்கு மேல் போனபோது இயந்திரத்தில் ஆற்றுவாழை, எங்கள் ஊர் ஆகாயத்தாமரை, சுற்றிக்கொண்டதில் அது நின்றுவிட்டது. ஓட்டியவர் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒரு பெண், "என்ன கா இது, எனக்கு கிளினிக்குக்கு நேரம் போகுது" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். சிவநாதன் சாரத்தை, நம் ஊர்க் கைலியை, மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் அவருக்கு இடுப்பளவு. முதுகை நேராக்கி, தோளை இரும்பில் கொடுத்து, மூன்று மோட்டார் சைக்கிள்களும் இருபது பேரும் ஒரு ஆடும் இருந்த பாதையைக் கரைப்பக்கம் தள்ளத் தொடங்கினார். இன்னும் நாலைந்து பேர் குதித்தார்கள்.

"நாளண்டைக்கும் இப்பிடித் தள்ளினாக் காணும்டா!" என்று மேலிருந்து ஒருவர் கத்தினார். நாளண்டைக்கு என்றால் நாளை மறுநாள், காணும் என்றால் போதும்.

"மலைநாட்டான் உன்ன மாதிரி நிண்டு பாத்துக்கொண்டிருக்க மாட்டான் மச்சான், அவனும் தள்ளுவான்" என்றார் சிவநாதன் மூச்சுவிட்டபடி. இறுதிப் போட்டியில் எதிரணி மலைநாட்டுக்காரர்கள்.

வெல்லாவெளியில் அவர் மனைவி நாட்டரிசிச் சோறும் இறாலும் முருங்கையிலைச் சொதியும் பரிமாறினார். கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர் வந்தது. கவிழ்த்தாலும் விழாத தயிர். அதில் சீனி போட்டார்கள். எங்கள் ஊரில் தயிருக்கு உப்புத்தான். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அடுத்த கரண்டியைக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய வட்டை, அதாவது வயல்வெளி, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகக் கிடந்தது.

மாலை ஐந்து மணிக்குக் களுவாஞ்சிக்குடி மைதானத்தில் பயிற்சி. எனக்கு ரக்பி தெரியாது. எல்லாரும் எண் இல்லாத பழைய பனியன்களில் இருந்தார்கள். நஸீர் சேர் விசில் ஊதினார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு! முன்னுக்கு வாங்க. நாலு, அஞ்சு, பின்னால!"

ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் வந்தவர்கள் அணியிலேயே தடித்த மூன்று பேர். ஒன்றுக்கு வந்தவர் சிவநாதன். காலையில் பாதையைத் தள்ளினாரே, அதே மாதிரி முதுகை நேராக்கித் தோளைக் கொடுத்தார். மற்றவர்கள் பின்னால் முட்டுக்கொடுத்தார்கள். "ஒம்பது, பந்தைப் போடு!" என்றதும் ஓடி வந்தவன் ஒல்லியான சின்ன ஆள்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். "ஏனுங்க, அந்த நம்பரெல்லாம் அவங்கவங்க இஷ்டமுங்களா?"

"இல்லண்ண, அது இடம். ஒண்டாம் நம்பர் எண்டா உலகத்துல எங்கயும் முன்வரிசைதான். நம்பர் மாறினா ஆட்டமே விளங்காது."

அப்போதே தெரிந்துவிட்டது. செயலாளரின் பட்டியல் முழுக்கச் சரி. நான்தான் அதைத் திருத்திக் கெடுத்திருக்கிறேன். கோயிலுக்குள் பூட்டியிருக்கும் பெட்டியில் சிவநாதன் பெயருக்குப் பதினைந்தாம் எண்ணும், அந்த ஒல்லி ஆளுக்கு ஒன்றாம் எண்ணும் இருக்கின்றன.

பயிற்சி முடிந்து ரஜனி என்னைப் பஸ் நிறுத்தம் வரை நடத்திக் கூட்டிவந்தார். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

"பொம்பிளைப் புள்ளைக்கு றகர் கழகத்துல என்ன வேலை எண்டு தலைவர் முதல் நாளே கேட்டவர், மாஸ்டர். இந்தச் சட்டை அலுவல்தான் நான் தனிய எடுத்துச் செஞ்ச முதல் வேலை. நாளைக்கு எல்லாரும் போட்டுக்கொண்டு நிக்கேக்க ஒருக்காப் பாக்கோணும்."

"பரவாயில்லீங்க" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து பத்து மணிக்குக் கழக அறையில் பெட்டியைத் திறந்தார்கள். ஊடக நாள் மாலை நான்கு மணிக்கு. துணியைத் தொட்டுப் பார்த்து எல்லாரும் நல்லது என்றார்கள். அளவும் தையலும் குறை சொல்ல முடியாதவை, அதை நான் எங்கேயும் சொல்வேன். பிறகு ஆளாளுக்குத் தங்கள் எண்ணைத் தேடி எடுத்தார்கள். சிவநாதன் ஒன்றாம் எண் சட்டைக்குள் தலையை விட்டார். தலை வெளியே வந்தது, தோள் வரவில்லை. கைகள் மேலே தூக்கியபடி சிக்கிக்கொண்டன. இரண்டு பேர் இழுத்துக் கழற்றினார்கள். மறுபக்கம் பதினைந்தாம் இடத்தில் ஆடுபவருக்கு அவருடைய எண் சட்டை முழங்கால் வரை தொங்கியது.

"டேய், நீ கட்டியிருக்கிறது சட்டையா, சாரமா?" என்று யாரோ கேட்க, அறை முழுக்கச் சிரித்தது. தலைவர் வந்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன கா இது, ரஜனி? நீ என்ன பட்டியல் அனுப்பினனி?"

ரஜனி கைப்பேசியில் பட்டியலைக் காட்டினார். தலைவர் பார்க்கவில்லை. "பழைய உடுப்பையும் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தாச்சு. நாளைக்கு என்னத்தப் போட்டு இறங்குறது? நடுவர் நம்பரைப் பாத்துத்தான் உள்ள விடுவார். இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னனான்."

ரஜனி தன் கைப்பேசியையே மறுபடி மறுபடி பார்த்தார். "நான்தான் முதல்ல வேற ஏதும் அனுப்பிட்டனோ..." என்று தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் அவருக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். சட்டைப் பையில், என் பென்சில் திருத்தம் உள்ள பட்டியல் மடித்து இருந்தது. வாய் வரவில்லை. கைதான் வந்தது. மேசையில் ஒரு சட்டையைக் கவிழ்த்துப் போட்டு எண்ணைத் தடவிப் பார்த்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிரலாமுங்க" என்றேன்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. எண்களை நான் அச்சடிக்கவில்லை. தனித் துணியில் வெட்டித் தைத்திருந்தேன். அளவை மாற்ற வேண்டாம், எண்ணைப் பிரித்து இடம் மாற்றினால் போதும். பின்னல் துணியில் ஊசித் துளை நிற்காது. ஆவி காட்டினால் மூடிக்கொள்ளும். பதினைந்தில் எட்டாம் எண் மட்டும் தற்செயலாகச் சரியான ஆளுக்குப் போயிருந்தது. மீதிப் பதினான்கு சட்டை, ஒற்றை இலக்கமும் இரட்டை இலக்கமுமாக இருபது துண்டு.

ஊரில் உள்ள காலால் மிதிக்கும் மெஷின்கள் இந்தத் துணிக்குச் சரிவராது. காத்தான்குடியில் பவர் மெஷின் வைத்த கடை தனக்குத் தெரியும் என்றார் நஸீர் சேர். உடனே நெற்றியில் கைவைத்தார். "இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ. ஜும்ஆவுக்குக் கடை பூட்டிருவாங்க. ரெண்டு மணிக்குத்தான் திறப்பாங்க."

"அதுவரைக்கும் பிரிச்சு வெப்போமுங்க" என்றேன்.

ஆட்டக்காரர்களைத் தரையில் வட்டமாக உட்காரவைத்தேன். ஆளுக்கொரு பிளேடு. அடிநூலை நாலு தையலுக்கு ஒரு தடவை அறுத்து, மேல்நூலை இழுக்கக் காட்டிக்கொடுத்தேன். ஒரு ஆளைத் தூக்கிப் போடக்கூடிய கைகள், ஒரு நூலைப் பிடிக்கத் திணறின. சிவநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார்.

"துணியில வெட்டு விழுந்தா நான் கேப்பனுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நீண்ட தூரம் என்று நேரத்தோடு கிளம்பிய டிவிக்காரர்கள் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார்கள். தலைவர் கதவை மூடப் பார்த்தார், முடியவில்லை. அவர்கள் பிளேடும் நூலுமாக உட்கார்ந்திருந்த பதினைந்து தடியர்களையும் படம் பிடித்தார்கள்.

ஒரு மணிக்கு நஸீர் சேரும் அணியின் முஸ்லிம் ஆட்டக்காரர்களும் தொழுதுவிட்டு வந்தார்கள். அவருடைய காரில் சட்டைகளோடு காத்தான்குடிக்குப் போனோம். கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். கடைக்காரர் ஹனிபா நானா சாவியோடு வந்தார். நானா என்றால் அண்ணன். குவைத்தில் ஒன்பது வருடம் தைத்தவராம். விஷயத்தைக் கேட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தியாவுல இருந்து தைக்க வந்த நீங்களா, தைச்சதப் பிரிக்க வந்த நீங்களா?"

"ரெண்டுக்குமுங்க."

"நல்ல ஆள்தான். வாங்க, மெசின் சும்மாதான் இரிக்கி."

நாலு மெஷின். ஒன்றில் நான், மற்ற மூன்றில் அவரும் அவருடைய ஆட்கள் இருவரும். பின்னல் துணியை அறுக்காத உருண்டை முனை ஊசி அவரிடம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊர் ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆளுக்கு ஐந்து துண்டு. முதல் எண்ணை நான் வைத்துக் காட்டினேன். இரண்டாவதிலிருந்து யாரும் யாரையும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு முடிந்து, ஆவி காட்டி, மடித்தோம். நானா பிளேன் டீயும் முஸ்கட் அல்வாத் துண்டும் தந்தார். நின்றபடியே தின்றுவிட்டுக் காரில் ஏறினேன்.

நான்கு மணிக்குப் பதினைந்து பேரும் புதுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். சிவநாதன் முதுகில் ஒன்று. பக்கத்தில் நின்று தேடினால்தான் பழைய துளையின் அடையாளம் தெரியும். வெள்ளைத் துணி விரித்த மேசை, மைக்குகள், பின்னால் தலைவர். ஓரத்தில் ரஜனி வந்தவர்களுக்கு ரோல்ஸ் என்ற பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். நான் கடைசி வரிசையில் நூல்கண்டோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நிருபர், மத்தியானம் ஏன் சட்டைகளைப் பிரித்தீர்கள் என்று கேட்டார். தலைவர் மைக்கை இழுத்தார்.

"சின்னக் கவனயீனம். எங்கட செயலாளர் பிழையான பட்டியல் அனுப்பிட்டா. நாளைக்குப் போட்டி முடிஞ்ச கையோட புதிய செயலாளர் ஒருவர நியமிப்பம்."

ரஜனி தட்டை நீட்டியபடியே நின்றார். எதிரில் இருந்தவர் எடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

நான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. கேமராக்கள் திரும்பின.

"ஒரு நிமிசமுங்க. அந்தம்மா அனுப்புன பட்டியல் சரிதானுங்க. மாத்துனது நானு."

யாரோ ஒரு மைக்கை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்கள். பையிலிருந்து பட்டியலை எடுத்து நீட்டினேன். பென்சில் எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். "சின்னதுலிருந்து பெருசுக்கு அடுக்கறது எங்க தொழில் பழக்கமுங்க. அவங்க தப்பா எழுதிட்டாங்கன்னு நெனச்சு நானே திருத்திட்டேன். கேக்கவும் இல்லீங்க."

சிலர் சிரித்தார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். மீதியையும் சொன்னேன். "நேத்து பயிற்சியப் பாத்தப்பவே எனக்குத் தெரியுமுங்க. சொல்லலை. காலைல அவங்களத் திட்டுனப்பவும் பக்கத்துல நின்னுட்டு சொல்லலை."

சிரிப்பு நின்றது. தலைவர் தண்ணீர் குடித்தார். வரிசையிலிருந்து சிவநாதன் கேட்டார்.

"அப்ப தலைவர், புதிய செயலாளர் எண்டது?"

"அதைப் பிறகு பாப்பம்."

"பிறகு என்னத்துக்கு? இப்பயே சொல்லுங்க. டிவியும் இரிக்குது."

பதினைந்து பேரும் தலைவரைப் பார்த்தார்கள். கேமரா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைவர் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு, "ரஜனிதான் செயலாளர். காணுமா?" என்றார். மைக் இல்லாமலே அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் ரஜனி என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் கண் சிவந்திருந்தது.

"நேத்துப் பஸ்ஸுக்கு நடக்கேக்கயே சொல்லியிருக்கலாம்தானே மாஸ்டர். இண்டைக்கு முழுக்க நான் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு நிண்டன்."

பரவாயில்லீங்க என்ற சொல் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "தப்புத்தானுங்க" என்றேன்.

அவர் தட்டில் மீதியிருந்த ரோல்ஸில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "சாப்பிடுங்க. காலையில இருந்து ஒண்டும் தின்னாமத் திரியிறீங்க." இன்னொன்றை அவர் எடுத்துக்கொண்டார். இருவரும் தின்றோம். உள்ளே மீன் வைத்து, மிளகு தூக்கலாக இருந்தது.

மறுநாள் போட்டி நடந்தது. ஆட்டக்காரர் பட்டியலில் செயலாளர் என்ற இடத்தில் ரஜனி கையெழுத்துப் போட்டு நடுவரிடம் கொடுத்தார். நடுவர் ஒவ்வொரு முதுகாகப் பார்த்து, பதினைந்துக்கும் சரி போட்டார். களுவாஞ்சிக்குடிக்காரர்கள் மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.